சவரக்கத்தி தீட்டப் பழகினேன்!

அப்பா 5 மாதம் தாடியோடு இருந்தார்.

வேண்டுதல் ஒன்றும் கிடையாது. அவருடைய சவரக்கத்தி மழுங்கிப் போய்விட்டது. அவ்வளவுதான் காரணம்.

"பிளேடு போட்டு வழித்துக் கொள்ளுங்களேன் அப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். "அது சுரண்டுறதுடா. சவரமா அது?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டார். சலூனுக்கு அழைத்துப் போகலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. நாங்கள் குடியிருப்பது 2-வது மாடி. படி இறங்கி ஏற அப்பாவுக்கு மூச்சு போதாது.

அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பூமிக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. பாறைத்தூசி நுரையீரலில் படிந்துவிட்டது. 'சிலிகோசிஸ்' என்று டாக்டர்கள் சொல்கிற நோய். தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கத்தை மூடினார்கள். எத்தனையோ குடும்பங்களைப் போல நாங்களும் மாரிகுப்பத்தில் ரெயில் ஏறி பெங்களூருவுக்கு வந்தோம். அப்பா கொண்டு வந்த தகரப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருந்தது அந்தக் கத்தியைத்தான்.

கத்தி தாத்தாவுடையது. ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தை நடத்திய காலத்தில், சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி விற்றுவிட்டுப் போன தட்டுமுட்டுச் சாமான்களில் ஒன்று. மடக்குக் கத்தி. 'ஷெபீல்டு' என்று இரும்பில் பொறித்திருக்கும். தாத்தா அதில் வழித்தார். பிறகு அப்பா. எனக்கு மீசை முளைத்தபோது நான் பிளேடுக்குப் போய்விட்டேன்.

சரி, நாமே தீட்டிக் கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். அரிவாள்மனை தீட்டுவது போல இதுவும் ஒரு வேலைதானே என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

சாணைக்காரர் மறுத்தார்

சைக்கிளில் சாணைச் சக்கரம் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு ஒருவர் வருவார். அவரிடம் காட்டினேன். விரித்துப் பார்த்தார். உடனே மடக்கி என் கையில் கொடுத்துவிட்டார்.

"இது நம்ம வேலை இல்லீங்க. சக்கரத்தில வச்சா கத்தி செத்துப் போயிடும்" என்றார்.

அவர் நினைத்திருந்தால் காசு வாங்கிக்கொண்டு கத்தியைப் பாழாக்கியிருக்கலாம். சொன்னது முழுக்க உண்மை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சவரக்கத்தியின் இரண்டு பக்கமும் குழிவாகக் கடையப்பட்டிருக்கும். முதுகு தடிமனாக இருக்கும். வாய்ப்பக்கம் வரவரக் காகிதத்தைவிட மெல்லியதாகிவிடும். சுற்றுகிற சக்கரத்தில் வைத்தால் அந்த மெல்லிய பகுதி நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். இரும்புக்கு ஏற்றிய பதம் இறங்கிவிடும். அப்புறம் அதில் வெண்ணெய்தான் வெட்டலாம்.

அடுத்து எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். தச்சு வேலைக்காரர்கள் உளி தீட்டுகிற இருபக்கக் கல் ஒன்று வாங்கினேன். 'கார்பொரண்டம்' கல். இந்தக் கல்லுக்கு ஒரு கதை உண்டு. 1891-ம் ஆண்டு அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் என்பவர் செயற்கை வைரம் செய்யப் பார்த்தார். களிமண்ணையும் கரியையும் போட்டு மின்சாரத்தில் காய்ச்சினார். வைரம் வரவில்லை. பளபளவென்று வேறு ஒரு பொருள் வந்தது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கும் பொருள். அதுதான் சிலிக்கான் கார்பைடு. நம் பக்கத்தில் 1954-ம் ஆண்டு முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து இந்தத் தொழிலைத் தொடங்கியது.

கல் நல்ல கல்தான். உளிக்கு நல்ல கல். சவரக்கத்திக்கு அது செம்மண் ரோடு! எனக்கு அது தெரியாது. நைட் டியூட்டி முடிந்து வந்து, முதுகைத் தூக்கிப் பிடித்து, சமையல் கத்தி தீட்டுவது போல அரைமணி நேரம் தேய்த்தேன். மறுநாள் காலை அப்பா நுரை போட்டுக் கன்னத்தில் வைத்தார். "ஸ்ஸ்" என்றார். நுரையில் சிவப்புக் கோடு. கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரம்பம் பண்ணிட்டியேடா" என்றார். கத்தியைத் துடைத்து மடக்கித் தலையணைக்கு அடியில் வைத்துக் கொண்டார். அன்று முழுதும் என்னோடு பேசவில்லை.

சலூனிலும் இல்லை

எங்கள் தெரு சலூனில் விசாரித்தேன். அங்கே வேலை செய்யும் பையனுக்கு 22 வயது இருக்கும். தாத்தாவின் கத்தி போன்ற கத்தியை அவன் சினிமாவில்தான் பார்த்திருக்கிறானாம். அவன் கையில் இருப்பது பிளேடு மாற்றுகிற கத்தி. பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகிக் கொள்கிறான். ஒருவருக்கு வழித்ததும் எறிந்துவிடுகிறான்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல. 1986-ம் ஆண்டு சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவிலேயே முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் "புது பிளேடு போடச் சொல்லுங்கள்" என்ற பிரசாரம் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. உண்மையில் சவரக்கத்தி மூலம் அதைவிட எளிதில் தொற்றக்கூடியது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ்-பி கிருமிதான். உலர்ந்துபோன ரத்தத்தில்கூட அது குறைந்தது 7 நாட்கள் தாக்குப் பிடிக்கும். ஒரே கத்தியில் ஊருக்கெல்லாம் சவரம் செய்வது நின்றுபோனது நல்லதே. ஆனால் அதோடு கத்தி தீட்டுகிற கையும் போய்விட்டது. தீட்டத் தேவையில்லாத கத்திக்கு யார் கல்லும் வாரும் வைத்துக் கொள்வார்கள்?

அந்த சலூன் பையன்தான் வழி சொன்னான். "அல்சூர்ல எங்க பெரியப்பா இருக்காரு சார். அவருகிட்ட பழைய அடப்பம் அப்படியே இருக்கு."

அல்சூர் பெரியவர்

பெரியவருக்கு வயது 75-க்கு மேல். கடையை விட்டுப் பல வருடம் ஆகிறது. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவரே வேண்டாம் என்றார். "பேத்திக்கு வரன் பாக்குறாங்க தம்பி. பேப்பர்ல தொழிலைப் போட்டு எழுதினா..." என்று பாதியில் நிறுத்திக் கொண்டார். நாவிதரே வைத்தியராகவும், அவர் வீட்டுப் பெண்களே பிரசவம் பார்ப்பவர்களாகவும் இருந்த காலம் ஒன்று உண்டு. 'மருத்துவர்' என்ற பெயர் அவர்களுக்குச் சும்மா வந்ததல்ல. அத்தனையும் செய்த கைக்கு இன்றும் பெயர் சொல்லத் தயக்கம் இருக்கிறது என்றால் குற்றம் யாருடையது?

என் கத்தியை வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கட்டைவிரல் நகத்தின் மேல் வாயை லேசாக இழுத்தார். "இங்க, இங்க, இங்க. மூணு இடத்துல பல்லு போயிருக்கு. இரும்பு நல்ல இரும்பு. சரி பண்ணிடலாம். ஆனா நீங்க இதுல கை வைக்காதீங்க. பழகறதுக்கு வேற ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றார்.

பி.வி.கே. அய்யங்கார் சாலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தையில் ஒரு துருப்பிடித்த கத்தி கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு 4 மாதம், வார ஓய்வு நாளில் எல்லாம் அல்சூர் போய் வந்தேன். படித்த பாடத்தை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

முதல் பாடம்: கத்தியைக் கல்லில் படுக்க வைக்க வேண்டும். முதுகும் வாயும் இரண்டும் சேர்ந்து கல்லைத் தொட வேண்டும். நான் செய்தது போல முதுகைத் தூக்கவே கூடாது. செய்தவன் கணக்குப் போட்டே முதுகைத் தடிமனாக வைத்திருக்கிறான். படுக்க வைத்தால் 16, 17 டிகிரி கோணம் தானாக அமைந்துவிடும். சமையல் கத்திக்குக் கோணம் நம் கையில் இருக்கிறது. சவரக்கத்திக்குக் கோணம் கத்தியிலேயே இருக்கிறது.

இரண்டாவது: கல்லில் வாய் முன்னால் போக வேண்டும். கல்லின் மேல் மெல்லிய ஏடு ஒன்றைச் சீவி எடுப்பது போலத் தள்ள வேண்டும். கோடி வந்ததும் முதுகின் மேல் புரட்டித் திருப்பி, மறுபக்கம். வாயின் மேல் புரட்டினால் போச்சு! கல் அகலம் குறைவு, கத்தி நீளம் அதிகம். அதனால் தள்ளும்போதே பிடிப் பக்கத்திலிருந்து நுனி வரை கல்லில் படுமாறு சாய்வாக இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குக் கடைசிவரை வராமல் உயிரை வாங்கியது. அமுக்கக் கூடாது. "கத்தியோட கனமே போதும் தம்பி. நீங்க வழிகாட்டுங்க, அது போகட்டும்" என்று நூறு முறை சொல்லியிருப்பார். பார்சல் ஆபீசில் மூட்டைக்கு முத்திரை குத்திப் பழகிய கை, அழுத்தாமல் இருக்கத் தெரியாது. அழுத்தினால் மெல்லிய வாய் வளைகிறது. வளைந்த வாய் கல்லைத் தொடுவதே இல்லை.

எத்தனை கல்?

பெரியவரிடம் இருப்பது ஒரே ஒரு கறுப்புக் கல். அவர் அப்பா கொடுத்தது. நடுவில் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குத் தக்கபடி அவர் கை ஆடுகிறது. நமக்கு அது நடக்காது. தட்டையான கல் வேண்டும். தண்ணீரில் நனைத்துத் தீட்டுகிற ஜப்பான் வகைக் கற்கள் இப்போது தபாலில் வருகின்றன. எண் கூடக் கூடக் கல் நைசாகும். 1000 எண் கல்லில் வாயை அமைக்க வேண்டும். பிறகு 4000, 8000. கடைசியில் 12000. ஒரு கல்லில் விழுந்த கீறலை அடுத்த கல் அழிக்க வேண்டும். அழித்ததா என்று பார்க்க, வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடி ஒன்று போதும்.

அவசரக்காரர்கள் எல்லோரும் தோற்பது 1000 எண் கல்லில்தான். இரண்டு பக்கத்துச் சரிவும் முழு நீளத்துக்கும் ஒன்றையொன்று சந்தித்த பிறகே அடுத்த கல்லுக்குப் போக வேண்டும். சந்திக்காமல் 12000-ல் தேய்த்தால் மழுங்கல் பளபளக்கும், அவ்வளவுதான். நான் கண்டுபிடித்த சுலப வழி இது: வாய் ஓரம் நெடுக மார்க்கர் பேனாவால் மை பூசி, கல்லில் ஒருமுறை தள்ளுங்கள். எங்கே மை மிச்சம் இருக்கிறதோ அங்கே கல் படவில்லை. பெரியவரிடம் இதைக் காட்டியபோது, "ஆபீஸ்காரர் புத்தி!" என்று சிரித்தார்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிக்கனத்துக்காக இதில் இறங்காதீர்கள். கல் வாங்கிய காசில் பல வருடத்துக்கு பிளேடு வாங்கலாம். என் மனைவிக்கு நான் சொன்ன விலையும் கடைக்காரர் போட்ட பில்லும் இன்றுவரை ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

"தண்ணி ஊத்துடா!"

தட்டையான கல்லும் தீட்டத் தீட்டப் பள்ளமாகும். கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை விரித்து, அதில் கல்லைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். ஒருநாள் இரவு கூடத்தில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். தண்ணீர் எடுத்து வரச் சோம்பல். காய்ந்த கல்லையே தேய்த்தேன். வெள்ளைத் தூசி மெல்ல எழும்பியது.

கட்டிலிலிருந்து அப்பா கத்தினார். அவ்வளவு சத்தமாக அவர் பேசிக் கேட்டு 2 வருடம் இருக்கும்.

"தண்ணி ஊத்துடா! தண்ணி ஊத்தித் தேய்!"

கத்தியதில் மூச்சு வாங்கியது. இருமல் வந்துவிட்டது. எழுந்து போய் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இருமல் அடங்கியதும் அவரே சொன்னார். பாறையில் துளை போடும் மிஷினில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே துளைக்க வேண்டும் என்பது சட்டம். அப்போதுதான் தூசி எழும்பாது. ஆனால் தண்ணீர் நின்றுபோன நாட்களும் உண்டு. வேலை நிற்காது. காய்ந்தே துளைத்தார்கள். தூசி மூடிய இடத்தில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாதாம். தங்கவயல் தொழிலாளர்களின் மார்பை மருத்துவர்கள் பரிசோதித்து, இந்த நோய் பரவியிருப்பதை 1940-களிலேயே எழுதி வைத்துவிட்டார்கள் என்பதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

இப்போது கல்லைச் சமப்படுத்துவது குளியலறையில், குழாய்க்கு அடியில்தான். வாசகர்களும் அப்படியே செய்யுங்கள். கல் எதுவானாலும் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள்.

வாரும் தோலும்

கல் வேலை சில மாதத்துக்கு ஒருமுறை போதும். தினசரி வேலை வாரில். தோல் வார் ஒன்று, அதோடு தடித்த துணிப் பட்டை ஒன்று. ஆணியில் மாட்டி, தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். இங்கே திசை தலைகீழ். முதுகு முன்னால், வாய் பின்னால். கல்லில் போவது போல வாயை முன்னால் விட்டால் வார் அறுந்துவிடும். நான் அறுத்த வார் ஒன்று இன்னும் வீட்டில் தொங்குகிறது. துணியில் 25 முறை, தோலில் 50 முறை என்பது பெரியவர் எனக்குச் சொன்ன கணக்கு. அவரோ கடைசியில் உள்ளங்கையிலேயே நாலு முறை பளீர் பளீர் என்று தீட்டுவார். நாம் அதைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக் கொள்ள வேண்டும்.

தீட்டியது சரியா என்று பார்ப்பது எப்படி? கையில் உள்ள முடியைத் தோலில் படாமல் கத்தி நறுக்க வேண்டும். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கித் தொங்கவிட்டு வாயில் வைத்தால் சத்தமில்லாமல் இரண்டாக வேண்டும். இரண்டாவது சோதனையில் நான் தேறவே 3 மாதம் ஆனது.

ஒருநாள் பெரியவர், "இரும்பு நல்ல இரும்பு" என்று மறுபடி சொன்னபோது நான் படித்த ஒரு செய்தியைச் சொன்னேன். நம் மைசூர் சீமையிலும் சேலம் பக்கத்திலும் அந்தக் காலத்தில் மூசையில் வைத்து உருக்கு காய்ச்சினார்கள். கன்னடத்தில் 'உக்கு' என்கிறோமே, அதுதான் வெள்ளைக்காரன் வாயில் 'ஊட்ஸ்' ஆனது என்கிறார்கள். மின்சார ஆராய்ச்சியில் பெயர் பெற்ற மைக்கேல் பாரடே, அதற்கு முன்பு, ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து இந்த இந்திய உருக்கைத்தான் ஆராய்ந்தார். 1820-ம் ஆண்டு கட்டுரையும் வெளியிட்டார்கள். தாம் கண்டுபிடித்த கலப்பு உருக்கில் சவரக்கத்தி செய்து நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுப்பது பாரடேயின் வழக்கமாம்! பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அதைத் தீட்டினவன் யாருன்னு எழுதியிருக்கா?" என்றார். எழுதியிருக்கவில்லை.

தாத்தாவின் கத்தியில் நான் கெடுத்த வாயைப் பெரியவர்தான் 1000 எண் கல்லில் சரி செய்தார். மீதியை என்னைச் செய்ய விட்டார். முடிந்ததும் தன் கன்னத்தில் நுரை போட்டு, என் கையைப் பிடித்துத் தாடையில் இரண்டு இழுப்பு இழுக்கச் சொல்லிக் கொடுத்தார். கத்தியை 30 டிகிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும். மற்ற கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். பயந்து கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தினால்தான் வெட்டும். கூலி வாங்க மறுத்துவிட்டார். வெற்றிலை பாக்கும் ஒரு வேட்டியும் வைத்துக் கொடுத்தேன்.

ஒன்றை மறக்காதீர்கள். இந்தக் கத்தி ஒருவருக்கு மட்டும்தான். வீட்டில் 4 ஆண்கள் இருந்தால் 4 கத்தி. அடுத்தவர் ரத்தம் பட்ட கத்தியை எடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் இதன் பக்கமே வர வேண்டாம். வழித்து முடித்ததும் துடைத்து உலர்த்தித் துளி தேங்காய் எண்ணெய் தடவாவிட்டால், பெங்களூரு மழைக்காலம் ஒரே இரவில் துருவைக் காட்டிவிடும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தேன். தாடியைக் கத்தரியால் குறைத்து, சுடுதண்ணீர்த் துணி போட்டு, நுரை போட்டுக் கொண்டார். கத்தியை வாங்கி நகத்தில் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வலது கன்னத்தை அவரே வழித்தார். சர், சர் என்று சத்தம் மட்டும் கேட்டது. இடது கன்னத்துக்கு வந்தபோது கை கீழே இறங்கிவிட்டது. மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியைப் பிடிப் பக்கமாகத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

வழித்தேன். என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒரு இடத்திலும் ரத்தம் இல்லை. படிகாரக் கல்லைத் தேய்த்து, துண்டால் துடைத்து, கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அப்பா கண்ணாடியைப் பார்க்கவில்லை. புறங்கையால் கன்னத்தைத் தடவினார். தாடையைத் தடவினார். கழுத்துக்கு வந்ததும் கை நின்றது.

"இங்க கொஞ்சம் பாக்கி இருக்கு" என்று முகத்தை மேலே தூக்கிக் காட்டினார்.